கடைசி லீக் ஆட்டமும் அமாவாசைப் பேருந்தும்

முதலில் போட்ட அட்டவணைப்படி 2025ஆம் ஆண்டு ஐபிஎல்லின் லீக் சுற்று மே 18ஆம் தேதி முடிந்திருக்க வேண்டும். இந்தியா-பாகிஸ்தான் எல்லையில் மூண்ட மோதலால் மே 9ஆம் தேதி போட்டிகள் நிறுத்தப்பட்டன. 17ஆம் தேதி மீண்டும் தொடங்கின. எழுபதாவதும் கடைசியுமான லீக் ஆட்டம் மே 27க்குத் தள்ளிப்போனது. வெளிநாட்டு வீரர்களின் பயணம், மழை, ஒளிபரப்பு என்று அத்தனையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட கிரிக்கெட் வாரியம் பஞ்சாங்கத்தை மட்டும் புரட்டிப் பார்க்கவில்லை. அந்த வைகாசி அமாவாசை மே 26 நண்பகலில் தொடங்கி 27 காலை வரை நின்றது.

இதனால் இரண்டு பெரிய மனித இயக்கங்கள் ஒரே நாளில் மோதிக்கொண்டன. ஒன்று, மாதேஸ்வரன் மலையிலிருந்து அமாவாசைக் கூட்டம் கீழிறங்குவது. மற்றொன்று, குடும்பத்து வாட்ஸ்அப் குழுக்களில் மார்ச் 22 முதல் நடந்துவந்த ஃபேன்டஸி லீக்குகளின் லீக் சுற்று முடிவது. இறங்கும் பேருந்தில் இருப்பவரும் அணியை மாற்ற வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அக்குறையைப் போக்குவதே இச்சிற்றாய்வின் நோக்கம்.

கருதுகோளை முன்கூட்டியே சொல்லிவிடுவது ஆய்வு மரபு. குடும்ப லீகின் கடைசி நாளில் பரிசு பெறுவது உழைப்பு அல்ல, மறதி. மாதேஸ்வரன் மலைப்பாதை அந்த மறதியைப் பெருமளவில் உற்பத்தி செய்கிறது.

1. களம்

மாதேஸ்வரன் மலை இன்று சாமராஜநகர் மாவட்டத்து ஹனூர் வட்டத்தில் இருக்கிறது. 1997இல் மாவட்டம் பிரியும்வரை அது மைசூர் மாவட்டம். மேட்டூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றும் அது மைசூர்ச் சீமைதான். ஆனால் மலையில் ஏறும் கூட்டத்தில் கணிசமான பங்கு சேலம், தர்மபுரி, ஈரோடு மாவட்டங்களைச் சேர்ந்தது. அமாவாசை தோறும் தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகள் சிறப்புப் பலகை மாட்டிக்கொண்டு கிளம்புவது இதற்குச் சான்று.

மலைக்கு வழிகள் இரண்டு. தெற்கே மேட்டூர், கொளத்தூர் கடந்து பாலாற்றுப் பாலம். பாலம் தாண்டினால் கர்நாடகம். (இது காவிரியில் கலக்கும் பாலாறு. வேலூர்ப் பாலாற்றோடு குழப்பிக்கொள்ளும் மாணவருக்கு மதிப்பெண் குறைக்கப்படும்.) வடக்கே மைசூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர், தாளபெட்டா என்று வந்து மலையேறும் பாதை. தெற்கு வழிப் பேருந்தில் சென்னை அணியின் மஞ்சள் பனியனும் வடக்கு வழிப் பேருந்தில் பெங்களூரு அணியின் சிவப்புப் பனியனும் மிகுதி. கிரிக்கெட்டில் ஒத்துப்போகாத இரு கூட்டமும் புலிமேல் அமர்ந்த மாதேஸ்வரர் முன்னால் ஒரே வரிசையில் நின்று ஒரே லட்டை வாங்கிக்கொண்டு திரும்புகின்றன.

மலையைச் சுற்றியுள்ள காடு 2013இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்கும் ஃபேன்டஸி லீகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் அந்தப் பாதையில் பேருந்தில் போகாதவர்கள். யானைக்கும் புலிக்கும் செல்பேசிக் கோபுரம் தேவைப்படுவதில்லை. கொண்டைஊசி வளைவு ஒன்றில் இரண்டு கோடு காட்டும் கைபேசி அடுத்த வளைவில் எதுவும் காட்டாது. காட்டின் இந்த இயல்பே இவ்வாய்வின் அடித்தளம்.

2. ஆட்டத்தின் இலக்கணம்

அறியாதோர் பொருட்டு விதிகளைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். உண்மையான வீரர்களிலிருந்து பதினொருவரை, குறிப்பிட்ட கிரெடிட்டுக்குள் அடங்கும்படி, ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். அவர்கள் மைதானத்தில் எடுக்கும் ஓட்டம், விக்கெட், கேட்ச் எல்லாம் இவருக்குப் பாயிண்டாக வந்து சேர்கின்றன. கேப்டன் என்று குறித்தவருக்கு இரட்டிப்பு; வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. ஐபிஎல்லின் சொந்த ஃபேன்டஸி ஆட்டத்தில் பருவம் முழுவதும் ஒரே அணி தொடரும். வீரர்களை மாற்றலாம், ஆனால் மாற்றங்களுக்கு உச்சவரம்பு உண்டு. ஆட்டம் தொடங்கிவிட்டால் கதவு அடைத்துவிடும். ரகசியக் குறியீடு ஒன்றை உறவினர்களுக்குள் பகிர்ந்துகொண்டால் அதுவே குடும்ப லீக்.

இதன் பூர்விகம் நம்முடையதன்று. அமெரிக்காவில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் கால்பந்து அணியின் பங்குதாரரான பில் விங்கன்பாக் 1962இல் யோசித்து, 1963இல் எட்டு உறுப்பினரோடு முதல் லீகைத் தொடங்கினார். பேஸ்பாலுக்கு அதை 1980இல் கொண்டுபோனவர் பத்திரிகையாளர் டேனியல் ஓக்ரெண்ட். நண்பர்களோடு அவர் சாப்பிட்டுவந்த நியூயார்க் உணவகத்தின் பெயரே அந்த ஆட்டத்துக்குப் பெயரானது. தான் கண்டுபிடித்த ஆட்டத்தில் ஓக்ரெண்ட் ஒருமுறைகூட வென்றதில்லை. உழைப்பவன் வெல்வதில்லை என்ற நம் கருதுகோளுக்கு இந்தத் துறையின் ஆதிகுருவே முதல் சான்று.

நம் நாட்டில் 2000களின் தொடக்கத்தில் இஎஸ்பிஎன் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் நடத்திய ‘சூப்பர் செலக்டர்’ இந்தப் பழக்கத்தை விதைத்தது. 2008இல் ஹர்ஷ் ஜெயினும் பவித் சேத்தும் ட்ரீம்11ஐத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஐபிஎல்லும் பிறந்தது. அதன்பின் தேநீர்க் கடைகளில் ‘என்ன வேலை பாக்குறீங்க?’ என்ற கேள்வியைவிட ‘கேப்டன் யாரப் போட்டீங்க?’ என்ற கேள்வி முந்திக்கொண்டது.

அமெரிக்கக் குடும்ப லீக்குகளில் லீக் சுற்று பெரும்பாலும் பதினான்காவது வாரத்தில் முடிந்து, மேலே உள்ள நான்கைந்து பேர் பிளே ஆஃபுக்குப் போவார்கள். நம் குடும்பங்களில் அந்த நாகரிகம் இல்லை. லீக் சுற்று முடிந்த அன்றே கணக்கை முடித்துவிடுவதுதான் வழக்கம். பிளே ஆஃபில் மிஞ்சுவது நான்கு அணிகள். எல்லோரும் அதே இருபது பேரிலிருந்து பதினொருவரைப் பொறுக்குவார்கள். பெரியப்பாவின் அணிக்கும் சித்தப்பாவின் அணிக்கும் வித்தியாசம் இல்லாத இடத்தில் சண்டைக்கு வழியில்லை. சண்டைக்கு வழியில்லாத ஆட்டத்தைக் குடும்பம் ஏன் ஆட வேண்டும்?

3. ஒற்றைப்படை ஆண்டு விதி

லீக் சுற்றின் கடைசி நாளுக்கும் அமாவாசைக்கும் உள்ள இடைவெளியை ஆண்டுவாரியாகக் கணக்கிட்டபோது கிடைத்த முடிவு ஆய்வாளரையே திடுக்கிட வைத்தது. 2018இல் இடைவெளி 5 நாள். 2019இல் 1 நாள். 2020இல் 11. 2021இல் 2. 2022இல் 8. 2023இல் 2. 2024இல் 11. 2025இல் பூஜ்யம்.

இரட்டைப்படை ஆண்டுகளின் சராசரி இடைவெளி 8.75 நாள்; ஒற்றைப்படை ஆண்டுகளின் சராசரி 1.25 நாள். தேர்தல், உலகக் கோப்பை, கொரோனா, எல்லை மோதல் என்று ஒவ்வோர் ஆண்டும் அட்டவணை வெவ்வேறு காரணத்தால் இழுபட்டிருக்கிறது. 2021இல் ஆட்டம் பாதியில் நின்று ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போய், அக்டோபர் 8ஆம் தேதி லீக் சுற்று முடிந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் மகாளய அமாவாசை. பாலைவனத்துக்குப் போன பிறகும் ஐபிஎல் அமாவாசையை விட்டு விலகவில்லை என்பது கவனத்துக்குரியது.

2017ஆம் ஆண்டை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அந்த ஆண்டில் சென்னை அணி தடையில் இருந்தது. சென்னை இல்லாத ஐபிஎல் ஆய்வுக்குரிய ஐபிஎல் அல்ல என்பதே முறையியல் காரணம். அந்த ஒற்றைப்படை ஆண்டில் இடைவெளி 11 நாளாக இருந்து விதியைக் குலைக்கிறது என்பதற்கும் இந்த முடிவுக்கும் தொடர்பில்லை.

இன்னொரு மறுப்பும் வரக்கூடும். மே 27 மாலை 7.30க்கு லக்னோவில் ஆட்டம் தொடங்கியபோது திதிப்படி அது பிரதமை, அமாவாசை அல்ல என்பார் சாஸ்திரிகள். உண்மைதான். ஆனால் கூட்டம் மலையேறுவதுதான் அமாவாசையில். இறங்குவது அது முடிந்த பிறகு. டாஸ் போடும் ஏழு மணிக்கு, பேருந்தில் நின்றுகொண்டு ஒரு கையால் கம்பியையும் மறுகையால் கைபேசியையும் பிடித்திருப்பவரின் நிலையைத் திதி மாற்றிவிடாது.

4. மாந்தர்

ஆய்வுக்கு ஒரு மாதிரிக் குடும்பம் தேவை. பாதிப்பேர் கொளத்தூரில், பாதிப்பேர் பெண் கொடுத்த வகையில் கொள்ளேகாலில் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குப் புத்தகத்தில் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பும் குழாயைப் போன்ற கற்பனைக் குடும்பம். எந்த வீட்டையும் குறிப்பதன்று. எனினும் படிப்பவர் தம் வீட்டை இதில் கண்டால் ஆய்வாளர் பொறுப்பல்லர். உறுப்பினர்கள் நான்கு வகையினர்.

முதல் வகை, ஆய்ந்தோர். கொள்ளேகால் மாமா இவ்வகை. பிட்ச் எப்படி, பனி விழுமா, இடதுகை ஆட்டக்காரருக்கு எதிராக எந்தப் பந்துவீச்சாளர் என்று யூடியூபில் மூன்று பேரின் கருத்தைக் கேட்டுத்தான் அணி போடுவார். மூவரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். இவர் நான்காவது விதமாக முடிவெடுப்பார்.

இரண்டாம் வகை, பற்றாளர். பெரியப்பா. இவர் அணியில் தோனி எப்போதும் கேப்டன். 2025இல் சென்னை பதினான்கு ஆட்டத்தில் நான்கில்தான் வென்றது. வரலாற்றில் முதன்முறையாகப் பட்டியலின் அடியில் நின்றது. ருதுராஜ் கெய்க்வாட் முழங்கைக் காயத்தால் விலகியதும் நாற்பத்து மூன்று வயது தோனி மீண்டும் தலைமையேற்றது பெரியப்பாவின் கேப்டன் தேர்வை மைதானமே வழிமொழிந்தது போல் ஆயிற்று. பருவம் முழுவதும் தோனி எடுத்தது 196 ஓட்டம். அதே சென்னை அணியில் நூர் அகமது 24 விக்கெட் எடுத்தார். அவரைக் கேப்டனாகப் போட்டிருந்தால் பற்றும் கெட்டிருக்காது, பாயிண்டும் கெட்டிருக்காது. ஆனால் ‘நூரு யாருடா?’ என்பதே பெரியப்பாவின் நிலைப்பாடு.

மூன்றாம் வகை, மாற்றிக்கொண்டே இருப்போர். கல்லூரியில் படிக்கும் பேரன். நேற்று அடித்தவனை இன்று சேர்ப்பான். இன்று சொதப்பியவனை இரவே தூக்குவான். ஏப்ரல் முடிவதற்குள் மாற்றங்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மே மாதத்தில் இவன் மாதக் கடைசியில் மீதமிருக்கும் சம்பளத்தை எண்ணுகிறவன் முகத்தோடு திரிவான்.

நான்காம் வகை, மறந்தோர். அப்பத்தா. லீகில் ஆள் குறைகிறது என்று மார்ச் மாதத்தில் பேத்தி கைபேசியை வாங்கிப் போட்டுக்கொடுத்த அணி அது. ‘யாரு வெல அதிகமோ அவனப் போடு’ என்பது ஒன்றுதான் அப்பத்தா கொடுத்த வழிகாட்டுதல். அதன்படி 27 கோடிக்கு ஏலம் போன ரிஷப் பந்த் கேப்டன் ஆனார். அதன்பிறகு அந்த அணியை யாரும் தொடவில்லை.

5. பந்த் சிக்கல்

2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் லக்னோ அணி ரிஷப் பந்தை 27 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஐபிஎல் வரலாற்றில் அதற்குமுன் யாருக்கும் அந்த விலை போகவில்லை. கடைசி லீக் ஆட்டத்துக்கு முன்புவரை அவர் எடுத்திருந்த ஓட்டங்கள் 151. சென்னைக்கு எதிராக எடுத்த 63ஐக் கழித்தால் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஓர் ஓட்டத்தின் அடக்கவிலை ஏறத்தாழ 18 லட்சம் ரூபாய். கொளத்தூரில் அந்த விலைக்கு என்னென்ன வாங்கலாம் என்று பெரியப்பா பட்டியல் போட்டுக் குழுவில் அனுப்பியிருக்கக்கூடும்.

அறிவுள்ள எவரும் பந்தை ஏப்ரலிலேயே விலக்கியிருப்பார்கள். விலக்கினார்கள். மாமா மிட்செல் மார்ஷுக்கும் நிக்கோலஸ் பூரனுக்கும் மாறினார். பேரன் பூரனைக் கேப்டனாகவே ஆக்கினான்; பூரன் அந்தப் பருவத்தில் ஐந்நூறைத் தாண்டியவர், சிக்ஸர் மழை பொழிந்தவர். காரண காரியத்தில் குறை சொல்ல முடியாத முடிவு.

மே 27 இரவு பந்த் 61 பந்தில் ஆட்டமிழக்காமல் 118 எடுத்தார். சதம் அடித்ததும் மைதானத்தில் குட்டிக்கரணமும் போட்டார். பூரன் இருபதைத் தொடவில்லை. கேப்டன் என்ற முறையில் அப்பத்தா அணிக்குப் பந்தின் ஓட்டங்கள் இரட்டிப்பாகச் சேர்ந்தன. அந்த ஒரே இரவில் பந்தின் பருவக் கணக்கு 269 ஆகி, ஓட்டத்தின் அடக்கவிலை 18 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்கு இறங்கியது. பங்குச் சந்தையில்கூட இப்படிப்பட்ட விலைச்சரிவைக் கண்டு முதலாளி மகிழ்வது அரிது.

இரண்டாம் பாதியிலும் மறந்தோருக்கே வாய்ப்பு. லக்னோவின் 227ஐப் பெங்களூரு 18.4 ஓவரில் துரத்திப் பிடித்தது. விராட் கோலி அரைசதம் போட்டுவிட்டுப் போனார். அதை மாமா எதிர்பார்த்திருந்தார். முடித்துவைத்தவர் அன்று கேப்டனாக இறங்கிய ஜிதேஷ் சர்மா, 33 பந்தில் 85. அவரை அணியில் வைத்திருந்தவர்கள், மார்ச்சில் விலை மலிவாக இருக்கிறாரே என்று இடம் நிரப்பப் போட்டுவிட்டு எடுக்க மறந்தவர்கள் மட்டுமே. பந்துவீசும் முனையில் ஜிதேஷை ஓட்டமிழக்கச் செய்ய திக்வேஷ் ரத்தி முயன்றபோது பந்த் முறையீட்டைத் திரும்பப் பெற்றார். பந்தும் ஜிதேஷும் அப்பத்தா அணியில் ஒருசேர இருந்தனர் என்று கொண்டால், அந்த முறையீடு அப்பத்தா நலனுக்காகவே திரும்பப் பெறப்பட்டது என்ற வாதத்துக்கும் இடமுண்டு.

பெரிய அணிகளுக்கும் இதே விதிதான். கடைசி வாரம்வரை பட்டியலில் முதலிடத்தில் இருந்த குஜராத், லக்னோவிடம் 33 ஓட்டத்திலும், பத்தாமிடத்துச் சென்னையிடம் மே 25இல் 83 ஓட்டத்திலும் தோற்று மூன்றாமிடத்துக்கு இறங்கியது. 2011 முதல் உள்ள முறைப்படி முதல் இரண்டு இடத்தாருக்குத்தான் ஒரு தோல்விக்குப் பிறகும் மறுவாய்ப்பு. மூன்றாமிடம் என்பதால் குஜராத் மும்பையிடம் ஒரே ஆட்டத்தில் தோற்று வீட்டுக்குப் போனது. அதிக ஓட்டம் எடுத்த தமிழ்நாட்டுச் சாய் சுதர்சனும் (759) அதிக விக்கெட் எடுத்த கர்நாடகத்துப் பிரசித் கிருஷ்ணாவும் (25) அந்த ஒரே அணியில் இருந்தும் அதுதான் நடந்தது. இரு மாநிலத்து வீரர்களும் அதற்கெனத் தரப்படும் தொப்பியைத் தலா ஒன்று எடுத்துக்கொண்டு கோப்பையைக் கோட்டை விட்ட இந்த நிகழ்வைக் காவிரி நடுவர் மன்றம் பார்த்திருந்தால் பங்கீடு குறித்துச் சில பாடங்கள் கிடைத்திருக்கும்.

6. திணை விளக்கம்

மலை என்பதால் இந்நிகழ்வைக் குறிஞ்சித் திணையில் வைப்பர் மேலோட்டமாகப் படித்தோர். அது பிழை. குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல். அமாவாசைப் பேருந்தில் நெரிசல் உண்டே தவிர, புணர்தல் இல்லை.

நிலம் காடு. பொழுது மாலை. நிகழ்வது காத்திருத்தல்: வளைவு திரும்பினால் கோடு வருமா, கோடு வந்தால் நெட் வருமா, நெட் வந்தால் பூரனை எடுத்துவிட்டுப் பந்தைப் போட அவகாசம் இருக்குமா என்ற காத்திருத்தல். காடும் மாலையும் இருத்தலும் ஒருங்கே அமைவதால் இது ஐயத்துக்கிடமற்ற முல்லை. சங்கத் தலைவி தேரொலிக்குச் செவி சாய்த்தாள். கொளத்தூர்ப் பேரன் கைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறான். தலைவியிடம் ‘கையை உள்ள எடு தம்பி’ என்று சொல்ல நடத்துநர் இல்லை என்பதே வேறுபாடு.

ஆட்டம் முடிந்து விடியும்போது திணை மாறுகிறது. பொழுது வைகறை, உரிப்பொருள் ஊடல். ‘டவர் இல்லாததால என் டீம் மாறல, இத எப்பிடிக் கணக்குல சேப்பீங்க?’ என்று மாமா குழுவில் எழுதுகிறார். ‘டவர் இல்லாதது எல்லாருக்கும்தான மாமா’ என்று பேரன். அத்தை இருவருக்கும் பதில் சொல்லாமல் வணக்கம் சொல்லும் பூப்படம் ஒன்றை அனுப்புகிறார். வைகறையும் ஊடலும் மருதத்துக்குரியவை. ஆக, மாலையில் முல்லையாகத் தொடங்கிய லீக் விடியலில் மருதமாகிறது. தொல்காப்பியர் திணை மயக்கத்துக்கு இடம் விட்டுவைத்ததன் தொலைநோக்கு இங்கே விளங்கும்.

7. கடைசி இடம்

முதலிடத்துக்கு வருவோம். அல்லது, வர வேண்டியதில்லை. குடும்ப லீகில் முதலிடம் யாருக்கு என்பது இரண்டு வாரத்தில் மறந்துபோகும். கடைசி இடம் மறக்காது. அடுத்த கல்யாணத்தில் பந்தியில் உட்காரும்போது ஒருவர் சொல்வார்: ‘பாத்து வைங்க, அவரு பத்தாமிடம்.’ பத்தாமிடத்தில் முடிந்த சென்னைக்கும் ஒன்பதாமிடத்தில் முடிந்த ராஜஸ்தானுக்கும் அந்த ஆண்டில் ஒரே எட்டுப் புள்ளிதான். ரன் ரேட் மட்டுமே பிரித்தது. ஆனால் ராஜஸ்தான் ஒன்பதாமிடம் என்று யாரும் கேலி செய்ததில்லை.

கடைசி இடத்தாருக்குத் தண்டனை கொடுப்பது அமெரிக்க மரபு. அங்கே வாஃபிள் ஹவுஸ் உணவகத்தில் இருபத்து நான்கு மணிநேரம் உட்கார வைப்பது பிரபலம். உண்ணும் ஒவ்வொரு வாஃபிளுக்கும் ஒரு மணிநேரம் கழிவு. சிலர் பச்சைகுத்திக்கொள்ளவும் ஒப்புக்கொள்கிறார்கள்.

மலைக்குப் போகும் குடும்பத்தில் இயல்பாக எழும் யோசனை மொட்டை. முடி காணிக்கை செலுத்தும் தலம், நாவிதர் உண்டு, பனியன் வண்ணத்தைவிடத் தெளிவாகத் தெரியும். ஆனால் இந்த யோசனை அப்பத்தாவால் தள்ளுபடி ஆகும். ‘சாமிக்கு நேந்துக்கற முடியப் போயிப் பந்தயத்துல வெப்பாங்களா? வாயக் கழுவுங்கடா.’ இதில் நுட்பமான சட்டப் பிரச்சினையும் இருக்கிறது. தோற்றதற்காக எடுத்த மொட்டையை நேர்த்திக்கடனாகக் கணக்கு வைக்க முடியாது. அடுத்த முறை வேண்டிக்கொண்டால் மீண்டும் எடுக்க வேண்டும். ஒரே தலைக்கு ஒரே ஆண்டில் இரண்டு மொட்டை என்பது நியாயமன்று.

8. எல்லையும் சட்டமும்

பாலாற்றுப் பாலம் ஒரு காலத்தில் இந்த ஆட்டத்துக்கே எல்லையாக இருந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து தமிழ்நாடு இயற்றிய சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. இரண்டே மாதத்தில், அக்டோபர் 5ஆம் தேதி, கர்நாடகத்தில் அதுபோன்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. ட்ரீம்11 அங்கே ஆட்டத்தை நிறுத்தியது. சட்டம் வந்த மறுநாள் மகாளய அமாவாசை. அதற்கு இரண்டு நாள் கழித்து லீக் சுற்று முடிவு. பாலத்தின் தென்கரையில் திறமை விளையாட்டு, வடகரையில் குற்றம் என்ற நிலை, 2022 பிப்ரவரி 14இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளை ரத்து செய்யும்வரை நீடித்தது. ஒரு விளையாட்டின் இயல்பை ஆறு தீர்மானித்த காலம் அது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது. ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. ட்ரீம்11 பணப் போட்டிகளை மூடியது. இந்திய அணியின் சட்டையிலிருந்தும் அதன் பெயர் நீங்கியது. செப்டம்பரில் ஆசியக் கோப்பையை இந்திய அணி விளம்பரதாரர் பெயரில்லாத சட்டையோடு ஆடியது.

குடும்ப லீக் இதில் அசையவில்லை. கோடி ரூபாய் பரிசுக்காக முகம் தெரியாதவர்களோடு ஆடியவர்களுக்கு ஆட்டம் முடிந்தது. ஆனால் ‘பத்தாமிடம்’ என்று பெரியப்பாவைக் கூப்பிடும் உரிமையை எந்தச் சட்டமும் தொடவில்லை. குடும்பத்தில் இதுவரை ஆடப்பட்டது அதற்காகத்தான்.

9. பரிந்துரைகள்

அ. அமாவாசையோடு கடைசி லீக் ஆட்டம் மோதும் ஆண்டுகளில், அணி மாற்றுவதற்கான கடைசி நேரத்தை ஆட்டத் தொடக்கம் என்று வைக்காமல், ஒவ்வொருவருடைய பேருந்தும் மலையுச்சி நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும் நேரம் என்று வைக்கலாம். கோவிலைச் சுற்றி டவர் கிடைக்கும். தரிசன வரிசையில் நிற்கும்போது மாற்றலாமா என்பது தனி விவாதம். அதை அப்பத்தாவிடம் விடுவது உத்தமம்.

ஆ. மறந்தோருக்குத் தனிப் பட்டியல் என்ற யோசனையைச் சில மாமாக்கள் முன்வைக்கிறார்கள். ஏப்ரலுக்குப் பிறகு ஒருமுறையேனும் அணியைத் திறந்து பார்த்தவர்களை மட்டுமே பொதுப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இதை ஏற்க முடியாது. ஏற்றால் உழைத்தவர்களுக்குள் யார் கடைசி என்பது வெளிப்படையாகிவிடும். இப்போது அதை அப்பத்தாவின் வெற்றி மறைத்துவைத்திருக்கிறது.

இ. கடைசி இடத்தாருக்கான தண்டனையாக, அடுத்த அமாவாசைக்குக் குடும்பத்தார் அனைவருக்கும் பேருந்துச் சீட்டும் ஆளுக்கொரு லட்டும் வாங்கித் தருவது பரிந்துரைக்கப்படுகிறது. 2025இல் அது ஜூன் 25, ஆனி அமாவாசை; கணக்கை முடிக்கப் போதிய அவகாசம். செலவு விஷயத்தில் மட்டும் ஒரு சிறு சமனின்மை உண்டு. கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் நடப்பில் உள்ள சக்தி திட்டப்படி அம்மாநிலப் பெண்களுக்கு அரசின் சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லை. கொள்ளேகால் அத்தை ஆதார் அட்டையைக் காட்டி ஏறிவிடுவார். தமிழ்நாட்டில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் பெரும்பாலும் நகரப் பேருந்தோடு நின்றுவிடுவதால், கொளத்தூர் அப்பத்தாவுக்குச் சீட்டு எடுத்தாக வேண்டும். பத்தாமிடத்தில் முடிந்த பெரியப்பா, அடுத்த பருவத்தில் கொள்ளேகால் பக்கத்திலிருந்து மேலும் நான்கு பெண்களை லீகில் சேர்க்க வேண்டும் என்று முன்மொழிந்திருப்பது இதனால்தானா என்பது அடுத்த கட்ட ஆய்வுக்குரியது.